கொய்யாவுக்கும் கற்பூரவல்லிக்கும் ஓர் ஒப்பீட்டுப் பட்டியல்

அலுவலகத்தில் அவருக்குக் கட்டத்தார் என்று பெயர். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். குடிநீர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இது அவருக்கு முப்பத்தோராவது வருஷம். குழாயோ, குண்டூசியோ, கூட்டுகிற துடைப்பமோ, எது வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். இன்ன பொருளை, இன்ன தரத்தில், இன்ன நாளைக்குள் தருகிறேன் என்று கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள்தான் விலைப்புள்ளி. மூன்றையும் அருகருகே வைத்து, அகலமான ஒரு படிவத்தில் கட்டம் கட்டமாக எழுதினால் அது ஒப்பீட்டுப் பட்டியல். சிலர் பாலம் கட்டுகிறார்கள், சிலர் பங்களா கட்டுகிறார்கள். இவர் பட்டியல் போட்டார். இதுவரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

சரியாகச் சொன்னால், ஒன்று விழுந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், நானூறு வாளி வாங்கவேண்டி வந்தது. படிவத்தில் கைப்பிடி என்று ஒரு கட்டம். வாளி என்றால் கைப்பிடி இருக்கத்தானே செய்யும் என்று நம்பி, அதை அவர் காலியாக விட்டுவிட்டார். நானூறு வாளிகள் வந்து இறங்கின. ஒன்றுக்கும் கைப்பிடி இல்லை. கடைக்காரர் படிவத்தைக் காட்டினார்: கேட்கவில்லை, கொடுக்கவில்லை. மேலாளர் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து (வேறு விதமாகத் தூக்க முடியாது) இவருடைய மேசைமேல் வைத்தார்.

"காலியா ஒரு கட்டத்தை விட்டா அது காலியாவே இருக்கும்னு நினைச்சியா? நீ எழுதலைன்னா சரக்கு குடுக்கறவன் தன் வசதிக்கு எழுதிக்குவான். இந்த வாளி இங்கயே இருக்கட்டும். தினம் பாரு."

பார்த்தார். பதினோரு வருஷம் பார்த்தார். பிரிவு மாடிக்கு மாறியபோது வாளியை வீட்டுக்கு எடுத்துவந்தார். அதற்குப் பிறகு அவர் கையால் போன எந்தத் தாளிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. எழுத ஒன்றுமில்லை என்றால் 'எழுத ஒன்றுமில்லை' என்று எழுதுவார்.

வீட்டில் அந்த வாளி, தையல் மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணி போடுகிற வாளியாக உத்தியோகம் பார்த்தது. மெஷின் அவர் மனைவியுடையது. தெருவுக்கே அவள் தையல்காரம்மா. பின்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். அந்தத் தெருவில் பெரிய மனுஷர்களாகத் திரிகிற பாதிப் பேருக்கு அரைக்கால் சட்டை தைத்தவள். அதனால் யாருக்கும் பெரிதாகப் பயந்தவள் இல்லை.

விசிறியா, அடுப்பா, வீட்டுக்கு எது வாங்கினாலும் கட்டத்தார் பட்டியல் போடுவார். ஒரே ஒரு விதிவிலக்கு இந்தத் தையல்காரம்மாதான். பார்த்தார், அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டார். அவள் இன்றுவரை கேலி செய்வாள்: "என்னை எந்த விதியில எடுத்தீங்க?" அவரும் முகத்தைச் சுருக்கி யோசித்துவிட்டுச் சொல்வார்: "அவசரக் கொள்முதல். அதுக்கு ஒரு விலைப்புள்ளி போதும்."

பிள்ளை இல்லை. அதற்கு மூன்று மருத்துவர்களைப் பார்த்தார்கள். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். மூன்று பேர் ஒரே விலையைச் சொன்னால் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டும் என்பது பிரிவின் வழக்கம். சந்தேகப்பட்டார். பலன் ஒன்றும் இல்லை.

கணினி வந்து பழைய படிவங்கள் குப்பைக்குப் போகவிருந்தபோது, 'உபயோகமற்ற தாள்களை எடுத்துச்செல்ல அனுமதி' என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு இரண்டு கட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அலமாரியின் மேல்தட்டில் அவருடைய கட்டு. கீழ்த்தட்டில் அவளுடைய கட்டு. தாள் அகலம், நல்ல கெட்டி. கழுத்துப்பட்டிக்கும் கைக்கும் அளவுத்தாள் வெட்ட அதைவிட்டால் வேறு இல்லை என்பாள். அலுவலகம் செய்த உருப்படியான கொள்முதல் அது ஒன்றுதான் என்றும் சொல்வாள்.

நிற்க.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தது. விரிசல் விட்டு, தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேமித்துவந்தது. அதை இடித்து அள்ளியதும் ஆறடிக்கு ஆறடி மண் தெரிந்தது. சுற்றிலும் சுவர், சிமெண்டுத் தரை. நடுவில் அந்தத் துண்டு மண் மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போன பாய் மாதிரி கிடந்தது. வெயிலும் அங்கேதான் விழுந்தது.

"அங்க ஒரு கொய்யா வைக்கணும்" என்றாள் தையல்காரம்மா. "ஊசிக்கண்ணையே பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. தலையைத் தூக்கினா ஒரு மரம் தெரியணும். ஜன்னல் வழியா கையை நீட்டி நானே ஒண்ணு பறிக்கணும். கழுவாமக் கடிக்கணும்."

"கழுவாமயா?"

"அதையும் உங்க படிவத்துல எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு இருமினாள். இந்த இருமல் போன மழைக்காலத்தில் வந்தது. விருந்தாளி மாதிரி வந்து, குடித்தனக்காரர் மாதிரி தங்கி, இப்போது வீட்டுக்காரர் மாதிரி நடந்துகொண்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மெஷினை நாலு மிதி மிதித்தால் ஒரு நிமிஷம் நிறுத்தவேண்டியிருந்தது. ஒரு வாரம் கெஞ்சி, மருத்துவரிடம் கூட்டிப்போனார். படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த மருத்துவர், "அம்மாவைக் கொஞ்சம் வெளிய உட்காரச் சொல்லுங்க" என்றார்.

கதவு சாத்தியதும் சொன்னார். "நுரையீரல் ரெண்டும் இறுகிட்டு வருது சார். பல வருஷத்துத் துணித்தூசியா இருக்கலாம். ஒன்றரை வருஷம்னு வெச்சுக்குங்க. பக்குவமா நீங்களே எடுத்துச் சொல்லிடுங்க."

வெச்சுக்குங்க என்றதும் எதையோ கொடுக்கிறார் என்று கட்டத்தாரின் கை தானாக நீண்டது. பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வி, அதுவும் தானாக, வாயிலிருந்து வந்தது:

"எழுத்துல குடுப்பீங்களா டாக்டர்?"

"இதையெல்லாம் யாரும் எழுத்துல குடுக்க மாட்டாங்க சார்."

வெளியே வந்தார். அவள் பக்கத்து நாற்காலிக்காரியின் ரவிக்கைக் கையில் தையல் கோணியிருப்பதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"சளி கட்டியிருக்காம். கொஞ்ச நாள் ஆகுமாம்."

"இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

"அவருக்குப் பேச ஆள் கிடைக்கலை போல."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் தெரிந்து எழுதிய பொய் ஒன்றுகூடக் கிடையாது. வாயால் சொன்னதால் இது கணக்கில் வராது என்று பேருந்தில் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். விளக்கத்தை அவரே ஏற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "அந்த இடத்துல கொய்யா வேணாம். கற்பூரவல்லி வைப்போம்" என்றார்.

"அது என்ன, திடீர்னு?"

"இருமலுக்கு நல்லதும்பாங்க. இன்னிக்கு ஒரு கிளையை ஒடிச்சு நட்டா அடுத்த மாசம் இலை பறிக்கலாம்."

"அடுத்த மாசம் என் இருமலே இருக்காது. அந்த இலையை வெச்சு நான் என்ன பண்றது? உங்க ஆபீசுக்கு அனுப்பவா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவருக்கு மூலிகையில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஒரு இலையைத் தினமும் பறித்து, வெந்நீரில் போட்டு, அவள் கையில் கொடுக்கலாம். ஏதோ செய்தோம் என்று இருக்கும். கொய்யா விஷயத்தில் செய்வதற்கு என்ன இருக்கிறது? காத்திருக்கலாம். காத்திருப்பதுதான் அவரால் முடியாத காரியமாகிவிட்டது.

அவளுடைய தம்பிக்கு ஊர் எல்லையில் நாற்றுப் பண்ணை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கையில் கொய்யாப் பதியன் கன்று, இன்னொரு கையில் கற்பூரவல்லித் தொட்டி என்று வந்து நின்றான். நாற்பத்தைந்து வயது. செடிகளோடேயே இருப்பதால் யாரும் குறுக்கே பேசிப் பழக்கமில்லாதவன்.

"மாமா, ரெண்டும் கொண்டுவந்துட்டேன். எது வேணுமோ எடுத்துக்குங்க."

"நெருங்கின சொந்தக்காரங்ககிட்ட விலைப்புள்ளி இல்லாம வாங்கக் கூடாதுப்பா."

"நான் சும்மாதானே குடுக்கறேன்!"

"சும்மா குடுக்கறது அதைவிடச் சந்தேகம்."

"அக்கா, இவரோட எப்படிக்கா குடும்பம் நடத்தற?"

"பழகிப்போச்சுடா. நீ கேட்கறதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ" என்றாள் உள்ளிருந்து.

கட்டத்தார் குறிப்புச் சீட்டை எடுத்தார். "கொய்யா எப்பக் காய்க்கும்?"

"பதியன்தானே, மூணு வருஷத்துல நல்லாக் காய்க்கும். ரெண்டாவது வருஷமே ஒண்ணு ரெண்டு பூக்கும், அதைக் கிள்ளிவிட்டுடணும்."

"கிள்ளணுமா? பூவையா?"

"அப்பத்தான் மரம் தேறும்."

"முன்னாடியே காய்க்க வழி இருக்கா? உரம், கிரம்?"

"மாமா, அது மரம். உங்க டெண்டர் இல்ல, நாள் குறிச்சு வரவைக்க." தம்பி கற்பூரவல்லித் தொட்டியைத் தூக்கிக் காட்டினான். தடித்த இலையில் விரல் பட்டதும் வாசனை அறை முழுக்கப் பரவியது. "இதுக்கு இடமே வேணாம். நான் என்ன சொல்றேன்னா…"

"வாயால சொல்றது செல்லாது. எழுத்துல குடு."

"அட, ஒரு வார்த்தை கேளுங்க…"

"எழுத்துல."

தம்பி இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கினான். செடிகளை வாசலில் வைத்துவிட்டு, அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் சொல்ல வந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் இந்தச் சரித்திரம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

அன்று பிற்பகல் மேல்தட்டிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அளவுகோல் வைத்தார். இடது பக்கம் கொய்யா, வலது பக்கம் கற்பூரவல்லி. பின்னறையில் மெஷின் ஓடியது, நின்றது, இருமல் கேட்டது, மறுபடி ஓடியது. அந்தத் தாளத்திலேயே எழுதினார்.

தரம்: கொய்யா, உட்புறம் சிவப்பு; கற்பூரவல்லி, இலை தடிப்பு. பராமரிப்பு: கொய்யாவுக்கு அணில், பறவை, பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரிடமிருந்து பாதுகாப்பு தேவை; கற்பூரவல்லியை யாரும் திருட மாட்டார்கள். நிழல்: கொய்யா, உண்டு; கற்பூரவல்லி, எறும்புக்கு மட்டும். வழங்கும் காலம்: கொய்யா, மூன்று ஆண்டு; கற்பூரவல்லி, ஒரு மாதம்.

அடுத்த கட்டம், தேவைப்படும் காலம். வாங்குகிற பொருள் எவ்வளவு நாளைக்குத் தேவை என்பதைப் பயன்படுத்துகிறவர் சார்பில் எழுத வேண்டிய இடம். தெருவிளக்குக்குப் பத்து ஆண்டு என்று எழுதியிருக்கிறார். தற்காலிகப் பந்தலுக்கு இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறார். பேனாவை மூடினார். திறந்தார். காலியாக விட்டுவிடலாம் என்று முதல்முறையாக நினைத்தார். உடனே மேலாளரின் குரல் கேட்டது. காலியாக விட்டால் கொடுக்கிறவன் தன் வசதிக்கு எழுதிக்கொள்வான். ஒன்றரை வருஷம் என்றாவது இருக்கிறது. கட்டம் காலியாக இருந்து, கொடுக்கிறவன் அதையும் குறைத்துவிட்டால்?

எழுதினார்: 'ஒன்றரை ஆண்டு. மருத்துவர் மதிப்பீட்டின்படி.' குறிப்பு என்ற கட்டத்தில்: 'கொய்யா, பயனாளியின் காலத்துக்குள் காய்க்க வாய்ப்பில்லை. எனவே கற்பூரவல்லி பரிந்துரைக்கப்படுகிறது.' கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மட்டும் அவருடையது மாதிரி இல்லை.

"என்னங்க, அந்தப் பொத்தான் டப்பாவைக் கொஞ்சம் எடுங்க" என்று அவள் கூப்பிட்டாள். தாளை அவசரமாக அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். மேல்தட்டில்தான் வைத்ததாக நினைத்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தாளைக்கூட அவர் இடம் மாற்றி வைத்ததில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. மெஷின் சத்தம் இல்லை. இருமல் மட்டும் இருந்தது.

பின்னறையில் அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் தாள். ஓரத்தில் கழுத்துப்பட்டி வெட்டுவதற்குக் கத்தரி வைத்து இரண்டு விரற்கடை வெட்டியிருந்தது. வெட்டு, குறிப்பு என்ற கட்டத்துக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது.

"பயனாளின்னா யாரு?" என்றாள்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"உங்களைத்தான் கேட்கறேன். இந்த வீட்டுல ரெண்டு பேரு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப பயனாளி யாரு?"

"நான் சொல்லணும்னுதான்…"

"சளி கட்டியிருக்குன்னு சொன்னீங்க."

"பக்குவமா சொல்லச் சொன்னாரு."

"இதுதான் பக்குவமா? கட்டம் கட்டியா?" அவள் குரல் உயரவில்லை. உயர்த்த மூச்சு இல்லை. "கொய்யாவுக்கு மூணு வருஷம், எனக்கு ஒன்றரை. பக்கத்துல பக்கத்துல எழுதியிருக்கீங்க. கோடு எவ்வளவு நேரா இருக்கு பாருங்க. கை நடுங்கலையா?"

"கையெழுத்துல நடுங்கிச்சு" என்றார். அது உண்மை, அவளும் பார்த்திருந்தாள்.

அவர் தரையில், வெட்டுத்துணி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தாளை மறுபடி வாசித்தாள், முதல் கட்டத்திலிருந்து. வாடிக்கையாளர் கொடுத்த துணியில் ஓட்டை தேடுகிற அதே பார்வை. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"எத்தனை டாக்டர் சொன்னாங்க?"

"என்ன?"

"மருத்துவர் மதிப்பீட்டின்படின்னு போட்டிருக்கீங்களே. எத்தனை பேரு?"

"…ஒருத்தர்."

"எழுத்துல குடுத்தாரா?"

"குடுக்க மாட்டேன்னுட்டாரு."

அவள் தாளை மெஷின்மேல் வைத்தாள். "துடைப்பம் வாங்க மூணு கடை ஏறுவீங்க. போன வருஷம் ஒரு சல்லடைக்கு நாலு கடை ஏறி இறங்கினீங்க, நான் வெயில்ல நின்னேன். பிள்ளை இல்லைன்னு சொல்றதுக்கே மூணு பேரைப் பார்த்தோம். நான் சாகறதுக்கு மட்டும் ஒருத்தர் வாயால சொன்னா போதுமா உங்களுக்கு? இது என்ன, அவசரக் கொள்முதலா?"

கட்டத்தாரின் வாழ்நாளில் எத்தனையோ தணிக்கைக்காரர்கள் வந்துபோயிருக்கிறார்கள். தடித்த கண்ணாடியும் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்ந்து நாள்கணக்கில் தேடியும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாமல் போனவர்கள். அவரை முதன்முதலாகப் பிடித்தது, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தையல்காரி.

"பயமா இருந்துச்சு" என்றார் கடைசியில். "அன்னிக்கு மூணு பேரும் ஒண்ணாச் சொன்னாங்கல்ல. இப்பவும் மூணு பேரும் ஒண்ணாச் சொல்லிட்டா? ஒருத்தர்னா… தப்பா இருக்கலாம்னு ஒரு இது இருக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டுவதற்கு எடுத்த மூச்சு இருமலாக வெளியே வந்தது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க பயத்துக்கு என் கட்டத்தை நிரப்பாதீங்க. நாளைக்கு லீவு போடுங்க."

இரண்டாவது மருத்துவர் ஒரு பெண். பழைய படத்தைப் பார்த்ததும், "இதை வெச்சு நாள் சொன்னவர் தைரியசாலிதான்" என்றார். ஆனால் அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. இறுகியிருப்பது உண்மை, அதை நெகிழவைக்க முடியாது, வேகத்தைக் குறைக்க மாத்திரை தரலாம், துணித்தூசி இனி ஆகவே ஆகாது என்று வரிசையாகச் சொன்னார்.

"தைக்காம இருக்கணுமா?"

"இன்னிலேர்ந்து."

"கையில நாற்பது சட்டை இருக்கே டாக்டர். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்குது."

"வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

ஒன்றரை வருஷம் என்று தெரிந்தபோது அழாதவள், நாற்பது சட்டைக்கு அழுதாள். பேருந்து நிறுத்தத்தில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. கட்டத்தார் படம் இருந்த உறையை மாரோடு அணைத்துக்கொண்டு எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை மூன்று தடவை வாசித்தார்.

மூன்றாவது மருத்துவர் வயதானவர், அவசரமில்லாதவர். புதிய படம் எடுக்கச் சொல்லி, பழையதையும் புதியதையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவளை வெளியே உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள்.

"நோய் இருக்கு. எவ்வளவு வேகமாப் போகுதுன்னு இந்த ரெண்டு படத்துல தெரியலை. ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுப்போம். சில பேருக்குச் சீக்கிரம் போகும். சில பேருக்கு மெதுவாப் போகும். நீங்க எதுன்னு இப்ப நான் சொன்னா அது பொய்."

"அதுவரைக்கும் கட்டத்துல என்ன எழுதறது?" என்றார் கட்டத்தார்.

"எந்தக் கட்டத்துல?"

"அவருக்கு ஒரு வியாதி டாக்டர்" என்றாள் தையல்காரம்மா. "அதை இன்னொரு நாள் பார்ப்போம்."

மெஷினை மூடி, மேலே போர்வை போட்டார்கள். நாற்பது சட்டைகளும் இரண்டு தெரு தள்ளி இன்னொருத்தியிடம் போயின. "கழுத்துப்பட்டியைக் கோணலாத் தைப்பா, எனக்குத் தெரியும்" என்று இவள் மூன்று நாள் பொருமினாள். வெட்டுத்துணிக்கு வேலையில்லாமல் வாளி காலியானது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். விஷயம் தெரிந்து வந்தவன். வாசலிலேயே அழுதுவிடுவான் போலிருந்தது. அக்கா முறைத்ததில் சமாளித்துக்கொண்டான். காய்ந்துகொண்டிருந்த இரண்டு செடிகளையும் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டான்.

"என்ன பண்றே?" என்றார் கட்டத்தார்.

"அன்னிக்கு நீங்க சொல்லவிடாததைப் பண்றேன். கற்பூரவல்லிக்கு நிலமே வேணாம் மாமா. ஒரு ஓட்டை வாளி போதும். நீங்க ஒரு இடத்துக்கு ரெண்டு பேரைப் போட்டிக்கு விட்டீங்க. ரெண்டும் போட்டியே இல்ல."

மண்ணைப் போட்டு, கிளையை நட்டு, வாளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஜன்னலடியில் வைத்தான். கைப்பிடியில்லாத வாளியின் முப்பது வருஷத்து அவமானத்துக்கு ஒரு முடிவு வந்தது.

கொய்யாவுக்குக் குழி கட்டத்தார்தான் தோண்டினார். தம்பி கடப்பாரையைக் கேட்டும் தரவில்லை. முக்கால் அடியில் தொட்டியின் பழைய அடித்தளம் இடித்தது. தொட்டியை இடித்தபோது அடித்தளத்தையும் எடுக்க வேண்டும் என்று அவர்தான் எழுதியிருந்தார், இடித்த ஆள் எடுக்காமல் மேலே மண்ணைப் போட்டு மூடியிருந்தான். எழுதின கட்டத்தையும் கொடுக்கிறவன் தன் வசதிக்குப் படித்துக்கொள்வான் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் உடைத்தார். கையில் கொப்புளம் கிளம்பியது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளிருந்து அவள் மேற்பார்வை பார்த்தாள்.

"இன்னும் இடது பக்கம். மரம் வளர்ந்தா கிளை ஜன்னலுக்கு வரணும்ல."

"வரும்."

"எனக்கு எட்டணும்."

அவர் இடது பக்கம் நகர்ந்து உடைத்தார்.

கொய்யா நட்டாகிவிட்டது. ஏழு இலைகள். தம்பி போனதும் அவள் சொன்னாள்: "பழைய பட்டியலை ரத்து பண்ணுங்க. புதுசா ஒண்ணு போடுங்க."

"நட்டதுக்கு அப்புறம் பட்டியலா? முறை இல்லையே."

"முறை பேசற மூஞ்சியைப் பாரு. போடுங்க."

போட்டார். தரம், பராமரிப்பு, நிழல், வழங்கும் காலம். எல்லாம் பழையபடி. தேவைப்படும் காலம் வந்ததும் பேனா நின்றது.

"ஆறு மாசம் கழிச்சுத் தெரியும்னு எழுதவா?"

"வேணாம்."

"எழுத ஒன்றுமில்லைன்னு?"

"அதுவும் வேணாம். ஒண்ணும் எழுதாதீங்க."

"காலியாவா?" அவர் குரலில் நிஜமான கலவரம் இருந்தது. "காலியா விட்டா…"

"தெரியும். வாளிக் கதையை இருபத்தாறு வருஷமாக் கேட்கறேன்." பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, பயனாளி கையெழுத்து என்ற இடத்தில் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். மெஷினில் தையல் முடிக்கும்போது இழுத்து அறுப்பது மாதிரி கடைசி எழுத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

இப்போது கட்டத்தார் காலையில் எழுந்ததும் பின்பக்கம் போகிறார். வாளியில் கற்பூரவல்லி தாறுமாறாக வளர்ந்து கிடக்கிறது. இரண்டு இலை பறித்து, வெந்நீரில் போட்டுக் கொடுக்கிறார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறாள். இருமல் குறைந்ததாக இருவரும் சொல்வதில்லை. பிறகு கொய்யாவின் இலைகளை எண்ணுகிறார். போன வாரம் ஒன்பது. ஒன்று பூச்சி தின்று எட்டு. அவள் ஜன்னலோரம், கையில் வேலை எதுவும் இல்லாமல், அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கைகள் மடியில் சும்மா இருக்கத் தெரியாமல் புடவை ஓரத்தை மடித்து மடித்துப் பிரிக்கின்றன.

அவள் கையெழுத்துப் போட்ட தாள் மேல்தட்டிலும் இல்லை, கீழ்த்தட்டிலும் இல்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தக் காலிக் கட்டத்தில் யாராவது எழுதிவிட்டால்? சாவி சட்டைப் பையில் இருக்கிறது, அலுவலகத்துக்கும் கொண்டுபோகிறார். மற்ற நேரத்தில் அதை மறந்துவிடுகிறார். பின்னறையில் இருமல் கேட்கும்போது மட்டும் கை சட்டைப் பைக்குப் போய், சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது.